பொதுப்பணி

"இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க அங்கிள்" என்று டாக்டர் சொன்னபோது, தன்னைத்தான் சொல்கிறாள் என்று தணிகாசலத்துக்கு ஒரு கணம் உறைக்கவில்லை. அங்கிள். பத்து வருஷமாக அண்ணன், தலைவரே, எம்.எல்.ஏ. சார், வயசானவர்கள் வாயில் தம்பி, நோட்டீசில் பெயருக்கு முன்னால் மிச்சமிருக்கும் இடத்தைப் பொறுத்து மக்கள் தொண்டர் அல்லது செயல்வீரர். அங்கிள் இல்லை. வாயைத் திறந்தார். தலைக்கு மேல் விளக்கு கண்ணைக் குத்தியது. கண்ணை மூடினால் வெளி ஹாலில் ஓடும் டிவி நன்றாகக் கேட்டது, ஏதோ நகைக் கடை விளம்பரம், அப்புறம் அந்த அவசரமான செய்திக் குரல்: இன்னும் சற்று நேரத்தில் வேட்பாளர்கள் அறிவிப்பு. அந்தச் சற்று நேரம் நேற்று சாயங்காலத்திலிருந்து நடந்துகொண்டிருக்கிறது. வீட்டில் இப்போது ஹால் நிரம்பியிருக்கும். வாசலில் செருப்புக் குவியல் கேட் வரைக்கும் போயிருக்கும். உதவியாளர் கஜபதி இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு, "அண்ணன் குளிக்கிறாரு, அண்ணன் பூஜையில இருக்காரு" என்று சொல்லிக்கொண்டிருப்பான். அண்ணன் பூஜை செய்து எந்தக் காலம். அண்ணன் பழைய பேன்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு, இடுப்புக் கொக்கி மூச்சைப் பிடிக்க, கட்டம் போட்ட சட்டையோடு சமையல்கட்டுப் பின்வாசல் வழியாக வந்து ஆட்டோ ஏறி, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஏரி பார்த்த அடுக்குமாடிகளுக்கு நடுவில் இருக்கிற இந்தக் கிளினிக்கில் வந்து படுத்திருக்கிறார். இங்கே யாருக்கும் தன்னைத் தெரியாது என்பதுதான் காரணம். இந்த அடுக்குமாடி வாக்குச் சாவடிகளில் இரண்டு தேர்தலிலும் பின்தங்கித்தான் போனார். கதவு திறந்தால்தானே முகம் தெரியும். வாட்ச்மேன் வரைக்கும்தான் கும்பிட முடிந்தது. வெள்ளை வேட்டி இல்லாமல் ஆட்டோ கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது, ரிட்டையரான பஸ் கண்டக்டர் மாதிரி இருந்தது. பரவாயில்லை என்றும் இருந்தது.

"எவ்வளவு நாளா வலி?" என்றாள். சின்னப் பெண்தான். முகக்கவசத்துக்கு மேலே கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் தூக்கம் போதாத கண்கள். வெளியே போர்டில் டாக்டர் பெனிட்டா என்று போட்டிருந்தது. பேச்சில் நாகர்கோவில் பக்கத்து இழுப்பு கொஞ்சம். ஒரு வாரம் என்றார். ஒரு வாரம் இல்லை. போன மழைக்காலத்திலிருந்தே குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுளீர் என்றது. பிரசாரம் ஆரம்பித்துவிட்டால் நேரம் இருக்காது, முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று கிராம்பை வைத்து அடைத்துக்கொண்டு, நேர்காணலுக்குக் கட்சித் தலைமை அலுவலகம் போனபோதும் கிராம்போடுதான் போனார். அங்கே நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள், "தொகுதி எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்குங்க" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. டீ கொடுத்தார்கள். டீ கொடுத்தால் நல்ல சகுனம் என்றான் கஜபதி, காரில் வரும்போது. மனைவி கோமளா, "எல்லாருக்கும்தான் குடுத்திருப்பாங்க" என்றாள். டாக்டர் படம் எடுத்து, திரையில் காட்டினாள். சாம்பல் நிறத்தில் தன் தாடை, அதில் ஒரு மரத்தின் வேர் மாதிரி இரண்டாகப் பிரிந்த பல், அடியில் கறுப்பாக ஒரு நிழல். "அடி வரைக்கும் சீழ் இறங்கிடுச்சு. பிடுங்கிடலாம், இல்லேன்னா வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சு, மேல கேப் போட்டுக் காப்பாத்தலாம். உங்க இஷ்டம்." தன் இஷ்டம். யாரும் இப்படி நேராகக் கேட்டு நாளாயிற்று. "காப்பாத்த முடியுமா?" என்றார். "முடியும். பல் செத்துதான் இருக்கும், ஆனா இடத்துல நிக்கும், மென்னு சாப்பிடலாம்" என்றாள். சரி என்று தலையாட்டினார். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, நோயாளியின் கவனத்தைத் திருப்பக் கேட்பது போல, "என்ன வேலை பாக்குறீங்க அங்கிள்?" என்றாள். என்ன சொல்ல. சொன்னால் எழுந்து நிற்பாள், முகக்கவசத்தை இறக்குவாள், குரல் மாறும், போட்டோ எடுக்கலாமா என்பாள். "பொதுப்பணி" என்றார் வாய்க்குள். "ஓ, பி.டபிள்யூ.டி.யா!" என்றாள். இல்லை என்று சொல்ல வாய் எடுப்பதற்குள் ஊசி உள்ளே போயிற்று.

தாடை ஓரத்தில் ஒரு கசப்பு, பிறகு காது வரைக்கும் ஒரு சூடு. "கொஞ்ச நேரம் ஆகும் மரத்துப் போக" என்று அவள் கையுறையைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் போய்த் தண்ணீர் குடித்தாள். ஜன்னலில் அடுக்குமாடிகள். அதற்குப் பின்னால் மிச்சமிருக்கும் ஏரி, ஒரு துண்டு துணி காயப் போட்டது மாதிரி. நெடுந்தாங்கலில் தாங்கல், அதாவது ஏரி, ஊர்ப் பேரில்தான் இருக்கிறது. இந்தக் கட்டிடம் நிற்கிற இடத்தில் நாணல் இருந்தது, சைக்கிள் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்டு முடித்துக் குறுக்கு வழியாக வரும்போது பேன்ட்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதைச் சட்டசபையில் ஒருதரம் சொன்னார். மூன்றாம் வரிசையில் எழுந்து, 'பேரவைத் தலைவர் அவர்களே, எங்கள் ஊரில் தண்ணீருக்கு இடமில்லாததால் அது வீட்டுக்கு வருகிறது' என்று சொன்னபோது சிலர் சிரித்தார்கள், மணி அடித்தது, உட்கார்ந்தார். அன்றைக்கு முழுக்க அந்த வாக்கியம் நன்றாக இருந்ததாகவே பட்டது. மறுநாள் எந்தப் பேப்பரிலும் இல்லை. பேப்பரில் வந்ததெல்லாம் சுரங்கப்பாதை. ரயில்வே கேட் மூடினால் ஆம்புலன்ஸ் நிற்கிறது, பிரசவ வலிக்காரி ஆட்டோவிலேயே பெற்றெடுத்தாள் என்று, முதல் தேர்தலில் அவர் கேட்ட ஓட்டு முழுக்க அந்தச் சுரங்கப்பாதைக்குத்தான். ரயில்வேக்காரன் மாநிலத்தைக் கேள் என்பான், மாநிலம் ரயில்வேயைக் கேள் என்னும். படியேறிப் படியேறி, கடைசியில் திறந்து, ரிப்பன் வெட்டினது அவர் இல்லை, மந்திரி. கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். முதல் மழையிலேயே நிரம்பிவிட்டது. அதில் யாரோ ஒரு பையன் நீந்துகிற படத்தைப் போட்டு 'தணிகாசலம் நீச்சல் குளம், அனுமதி இலவசம்' என்று போனுக்குப் போன் அனுப்பினார்கள். கோமளாவின் தங்கைகூட அனுப்பியிருந்தாள், தெரியாமல். மோட்டார் வைத்து இறைக்கிறார்கள் இப்போது. வெயில் காலத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. காலையில் ஆட்டோ அதன் வழியாகத்தான் வந்தது, குளுகுளுவென்று, அரை நிமிஷத்தில் அந்தப் பக்கம். ஆட்டோக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பாதை இருக்கும்போது யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நாக்கின் ஒரு பக்கம் தடித்துக்கொண்டே வந்தது, யாருடைய நாக்கோ தன் வாயில் கிடப்பது போல.

"எல்லாம் மரத்துப் போச்சா? உதட்டைத் தொடுறேன், தெரியுதா?" தெரியவில்லை. "குட். வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நான் உடனே நிறுத்திடுவேன், சரியா" என்று சொல்லி வாய்க்குள் குழாயை மாட்டினாள். அது சளசளவென்று எச்சிலை உறிஞ்ச ஆரம்பித்தது. அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது, பதில் சொல்ல முடியாதவர்களிடம் பேசிப் பழகியவர்களின் பேச்சு. "பி.டபிள்யூ.டி.ன்னு சொன்னீங்கள்ல அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க, எங்க தெருவை வந்து பாத்தீங்களா? மழைநீர் வடிகாலுன்னு தோண்டினாங்க. அப்புறம் கேபிளுக்குத் தோண்டினாங்க. அப்புறம் பாதாளச் சாக்கடைன்னு திரும்பத் தோண்டி, வடிகாலை உடைச்சு விட்டுட்டுப் போயிட்டாங்க. போன மழைல கீழ தரைத்தளத்துல என் கம்ப்ரசர் முங்கிடுச்சு. கிளினிக்கைத் தொறந்து மூணு மாசம்கூட ஆகல. ஸ்டூலைப் போட்டு ஏறி நின்னுக்கிட்டு நான் அழுதேன், சத்தியமா." தணிகாசலம் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடிகால் மாநகராட்சி, பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியம், ரோடு நெடுஞ்சாலைத் துறை, இதில் பொதுப்பணி எங்கேயும் வரவில்லை என்று சொல்லலாம், வாய் இருந்தால். "எம்.எல்.ஏ. ஆபீசுக்கு ரெண்டு தரம் போனேன். அண்ணன் வெளியூர் போயிருக்காருன்னாங்க. அடுத்த வாரம் போனா அப்பவும் வெளியூராம். அப்படி எந்த ஊருக்குத்தான் போவாரோ. எனக்கு அந்த ஆளோட முகம்கூடத் தெரியாது. போஸ்டர்ல இருபது முகம் போட்டா எதுன்னு பாக்குறது?" உதவிக்கு நின்ற பெண் சிரித்தாள். வெளியூர். கஜபதியின் வெளியூர், ஆபீசின் பின்னறை. அங்கே ஒரு பாய், ஒரு தலையணை, தயிர் சாதம் வந்த டிபன் கேரியர். மழை நாட்களில் விடிவதற்கு முன்னே கிளம்பி முழங்கால் தண்ணீரில் நின்று, பால் பாக்கெட், ரொட்டி, போட், மோட்டார், யாரோ ஒருத்தரின் அம்மாவைக் கட்டிலோடு தூக்கி, எல்லாம் முடிந்து வந்து படுத்தால் வெளியே குரல்கள். எல்லாக் குரலும் ஒரே குரலாகக் கேட்கும். அதில் இவள் குரல் எது? நாகர்கோவில் இழுப்போடு ஒரு குரல், ஈரச் செருப்போடு ஒரு பெண், கண்ணாடியில் தண்ணீர்த் துளி. தேடிப் பார்த்தார். வரவில்லை. அந்த ஆபீசுக்கு இப்போது பூட்டுப் போட்டு முத்திரை வைத்தாகிவிட்டது, தேர்தல் தேதி சொன்ன அன்றே அதிகாரிகள் வந்து வைத்துவிட்டுப் போனார்கள். பாயும் தலையணையும் உள்ளேதான் இருக்கின்றன.

மெஷின் சுற்ற ஆரம்பித்தது. வலி இல்லை, அதிர்வு மட்டும், மண்டைக்குள் யாரோ தெரு தோண்டுகிற மாதிரி. அதன் நடுவில்தான் வெளியே டிவியில் குரல் மாறியது. மேளம் போன்ற ஓர் இசை, பிறகு அறிவிப்பாளர், தொகுதிகளை எண் வரிசைப்படி படிக்கப் போகிறேன் என்றார். தணிகாசலத்தின் கால் விரல்கள் செருப்பு இல்லாமல் நாற்காலி நுனியில் தாமாக மடங்கின. வரிசையில் நெடுந்தாங்கல் கொஞ்ச தூரம் தள்ளி. முதலில் வடக்கே இருக்கிற தொகுதிகள், அப்புறம் ஊருக்குள் இருப்பவை. தெரிந்த பெயர்கள் வந்தன. நேர்காணலன்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தவருக்குக் கிடைத்துவிட்டது. மெஷின் நின்று, மறுபடி ஓடி, மறுபடி நின்றது. நிற்கும்போதெல்லாம் இரண்டு மூன்று பெயர். ஓடும்போது ஒன்றும் இல்லை. போன முறையும் அதற்கு முந்தின முறையும் இதே நேரத்தில் ஹாலில் நின்றுகொண்டு இருந்தார், பெயர் வந்ததும் வெடி, தோளில் தூக்கினார்கள், வேட்டி அவிழாமல் பிடித்துக்கொண்டதுதான் ஞாபகம். இந்த முறை எதற்கு ஓடி வந்தார்? பல் வலி உண்மை. ஆனால் பல் நாளைக்கும் வலித்திருக்கும். பெயர் வராவிட்டால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தன் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தப் பார்வைக்கு என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, அதுதான். முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரைப் போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் பார்த்தார். பந்தியில் இடம் பிடிக்க, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவர் வருகிறார் என்றால் சமையல்காரர் வெளியே வந்து நிற்பார். நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்திருந்தார், விட்டால் வேறு யாராவது பிடித்துவிடுவார்கள் என்று. "வெண்மணிப்பாக்கம்" என்றது டிவி. நெடுந்தாங்கலுக்கு முந்தின எண். மெஷின் ஓடியது. தணிகாசலம் இடது கையைத் தூக்கினார்.

மெஷின் உடனே நின்றது. "வலிக்குதா?" என்றாள். அவர் கையை இறக்காமல் டிவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே அந்தக் குரல் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல், "கரையம்பட்டு" என்றது. அது நெடுந்தாங்கலுக்கு அடுத்த எண். நடுவில் ஒன்றும் இல்லை. மெஷின் சத்தத்தில் போயிருக்கும் என்று நினைத்தார். போயிருக்காது என்றும் தெரிந்தது. அதற்குள் அறிவிப்பாளரின் பக்கத்தில் இருந்த இன்னொருவர் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்: நடுவில் விடுபடும் எண்கள் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கியவை, உதாரணத்துக்கு நெடுந்தாங்கல், இரண்டு முறை இவர்களே ஜெயித்த தொகுதி, விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். யாரிடமும் தோற்கக்கூட இல்லை. அந்தக் கூட்டணிக் கட்சிக்கு நெடுந்தாங்கலில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு போர்டும், ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருத்தரும்தான் இருக்கிறார்கள். வேறு ஊரிலிருந்து யாரோ வருவார். அவர் பக்கத்தில் திறந்த ஜீப்பில் நின்று, இவருக்குப் போடுங்கள் என்று கும்பிட வேண்டும், தெருத் தெருவாக, எந்தத் தெருவில் பள்ளம் என்பதை அவர் காதில் சொல்லிக்கொண்டு. சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. நெஞ்சோடு ஒட்டி, நிற்காமல், ஒன்று முடிய இன்னொன்று. "போன் அடிக்குது அங்கிள், எடுக்குறீங்களா? குழாயை எடுக்கட்டா?" தலையை அசைத்தார். விளக்கு இரண்டாகி, கலங்கி, பெரிதாகியது. கண்ணின் ஓரத்திலிருந்து ஏதோ சூடாக இறங்கி, மரத்துப் போகாத பக்கத்துக் காதுக்குள் போனது, அதனால் அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. "ஐயோ, ரொம்ப வலிச்சிருச்சா, ஸாரி அங்கிள், ஸாரி" என்று டாக்டர் பஞ்சை எடுத்துக் கண் ஓரத்தை, காது மடலைத் துடைத்தாள். நெற்றியில் ஒரு கையை வைத்துக்கொண்டாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "இன்னொரு ஊசி போட்டுடறேன். தாங்கிக்கணும்னு ஒண்ணும் இல்ல." பத்து வருஷமாக எத்தனையோ பேர் தொட்டிருக்கிறார்கள். காலில் விழுந்தார்கள், சால்வை போர்த்தினார்கள், கூட்டத்தில் கையைப் பிடித்து முறுக்கி மோதிரம் வரை இழுத்தார்கள், மேடையில் யாரோ முதுகில் தட்டினார்கள். நெற்றியில் கை வைத்தது யார், ஞாபகம் இல்லை. இரண்டாவது ஊசி இறங்கியது தெரியவே இல்லை. அதற்குள் போனின் அதிர்வு நின்றுவிட்டிருந்தது. மறுபடி வரும் என்று காத்திருந்தார். நெஞ்சு காத்திருந்தது. வரவில்லை. இவ்வளவுதானா, இத்தனை சீக்கிரமாகவா என்று இருந்தது. கூடவே, வெட்கப்பட வேண்டிய அளவுக்கு, அப்பாடா என்றும் இருந்தது.

வேரைச் சுத்தம் செய்து அடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. நாற்காலி மெதுவாக நிமிர்ந்தது. "சூப்பர் அங்கிள். நல்லா கோஆபரேட் பண்ணீங்க. அடுத்த வாரம் வாங்க, கேப் போடணும். மரப்பு போற வரைக்கும் சாப்பிடக் கூடாது, உதட்டைக் கடிச்சுக்குவீங்க" என்றாள். அவர் வாயைக் கொப்பளித்தார், தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்தது. மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, தயங்கி, முகக்கவசத்தை இறக்கினாள். ஆங்கிலத்தில் படித்த கெட்டிக்காரப் பெண் முகம் என்று நினைத்திருந்தார், அப்படி இல்லை, யார் வீட்டிலும் இருக்கிற முகம். "அங்கிள், கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்க டிபார்ட்மெண்ட்ல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? அடுத்த மழைக்கும் இப்படின்னா நான் மூடிட்டு ஊருக்குத்தான் போகணும்." தணிகாசலத்தின் வாய் அவரைக் கேட்காமலேயே, பாதி உதட்டால், "சொல்றேம்மா" என்றது. தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகிவிட்ட சொல். கல்யாண வீட்டில், சாவு வீட்டில், கார்க் கண்ணாடியை இறக்கி, ஏற்றிக்கொண்டே. அவள் முகம் மலர்ந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

தெருவில் வெயில். வடிகால் உடைந்த இடத்தில் சிமெண்ட் பலகைகள் சாய்ந்து கிடந்தன, உள்ளே கறுப்புத் தண்ணீர், ஒரு தெர்மோகோல் தட்டு மிதந்தது. சரி, சொல்லிவிடலாம், இப்போதே, என்று போனை எடுத்து வட்டாரப் பொறியாளரைக் கூப்பிட்டார். அவன் முதல் மணியிலேயே எடுப்பான், குளிக்கும்போதும் எடுத்திருக்கிறான், பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டிக்கொண்டிருப்பான். மறுபடி அடித்தார். இந்த முறை இரண்டு மணியில் துண்டித்தது, யாரோ விரலால் தள்ளிவிட்ட மாதிரி. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார், வரவில்லை, ரொம்ப தூரம் நடந்துவந்து உட்கார இடம் தேடுகிற மாதிரி இருந்தது. தண்ணீர் லாரிக்காரன் ஒருத்தன், "பெரியவரே, ஓரமா நில்லுங்க" என்று கத்திக்கொண்டு போனான். ஓரமாக நின்றார். போன் அடித்தது. கோமளா. "எங்க இருக்கீங்க?" என்றாள். "டாக்டர்கிட்ட." "கேட்டீங்களா?" "ம்." பின்னால் வீடு இத்தனை அமைதியாக இருந்து அவர் கேட்டதில்லை, குக்கர் விசில்கூடக் கேட்டது. "எல்லாரும் போயிட்டாங்க. கஜபதி மட்டும் மாடிப்படில உக்காந்து அழுதுகிட்டு இருக்கான், அவனுக்குச் சோறு போடணும். நீங்க என்ன, பேச்சு குழறுது?" "ஊசி." "சரி, மெதுவா வாங்க. எங்கயும் போயிடாதீங்க, வீட்டுக்கு வாங்க" என்றாள். வைத்துவிட்டாள். எங்கே போய்விடப் போகிறார். வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் மேலே ஒரு பெண், ஒரு பி.டபிள்யூ.டி. அங்கிள் சொல்லிவிடுவார் என்று நம்பிக்கொண்டு அடுத்த பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆயிரம் பேரிடம் சொல்லிவிட்டுக் கார் ஏறியிருக்கிறார். கார் இல்லை என்பதாலோ என்னவோ, இந்த ஒன்றோடு வீட்டுக்கு நடக்க முடியும் என்று தோன்றவில்லை. மறுபடி படியேறினார். பேன்ட் கொக்கி இந்த முறை அறுந்தே விட்டது. சட்டையை வெளியே எடுத்து விட்டுக்கொண்டு ஏறினார்.

டாக்டர் அறைக் கதவு திறந்தே இருந்தது. நாற்காலியில் வேறொரு வாய். "என்ன அங்கிள், ரத்தம் வருதா?" என்று எழுந்து வந்தாள். இல்லை என்று கையை ஆட்டினார். "நான் பி.டபிள்யூ.டி. இல்லம்மா" என்றார். சொற்கள் ஒரு பக்கமாக நழுவின. "நாந்தான் எம்.எல்.ஏ. நீ ரெண்டு தரம் வந்தியே. வெளியூர் இல்ல, உள்ளதான் இருந்தேன். இனிமே எனக்கு... இஞ்சினியருக்கு அடிச்சேன், எடுக்கல. இனிமே எடுக்க மாட்டான். என்னால ஆகாதும்மா. நீ தனியாப் போகாத, இந்தத் தெருவுல எல்லா வீட்டுக்காரங்களையும் கூட்டிக்கிட்டு, கார்ப்பரேஷன் கமிஷனரையே..." எச்சில் வழிந்தது, அவருக்குத் தெரியவில்லை. அவள் முதலில் அவரைப் பார்த்தாள், பிறகு அவர் தோளுக்கு மேலே ஹாலில் ஓடிய டிவியைப் பார்த்தாள், அதில் என்ன தெரிந்ததோ, முகம் சிவந்து, பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து அவர் மோவாயைத் துடைத்தாள். "பேசாதீங்க அங்கிள்" என்றாள். "இப்பப் பேசினா நாக்கைக் கடிச்சுக்குவீங்க. மரப்பு போகட்டும். அப்புறமா எல்லாத்தையும் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். இப்ப இங்க உக்காருங்க." உட்கார்ந்தார். இப்படி யாரும் உட்கார வைத்ததில்லை, மறுபேச்சு இல்லாமல்.

பக்கத்தில், மடியில் ஹெல்மெட்டோடு ஒருத்தர், கன்னம் வீங்கி, டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது போகாத குரலில், "நம்ம ஊரைத் தள்ளி விட்டுட்டாங்க பாத்தீங்களா சார்" என்றார். தணிகாசலம் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, பேச முடியாது என்று கையசைத்தார். "ஊசியா? சரி சரி, நீங்க பேசாதீங்க. எனக்கும் இனிமேதான்." பிறகு தானாகவே தொடர்ந்தார். "இருந்த மனுஷன் பெரிசா ஒண்ணும் கிழிக்கல. அந்த சப்வே ஒண்ணு. அதுவும் மழைன்னா குளம். ஆனா ஒண்ணு சார், எங்கப்பா செத்தப்ப வந்தாரு. மாலையப் போட்டுட்டுப் போயிடுவாருன்னு பாத்தா, கூடவே நடந்தாரு, சுடுகாடு வரைக்கும். செருப்பு இல்லாம. நல்ல வெயிலு. ஏன் வந்தாருன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல, எங்கப்பா அந்தக் கட்சி கூட இல்ல." சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் திரும்பியவர், பேச்சை நிறுத்தினார். தணிகாசலத்தின் முகத்தை, சட்டையை, கீழே பேன்ட்டை, மறுபடி முகத்தைப் பார்த்தார். ஹெல்மெட்டை எடுத்துக் கீழே வைத்தார். எழுந்திருக்கப் போனவரின் மணிக்கட்டைத் தணிகாசலம் பிடித்து, வேண்டாம், உட்காருங்கள் என்பது போல் அழுத்தினார். அவர் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, எழுந்து போய் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, திரும்பி வந்து, முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் நெருக்கமாக உட்கார்ந்தார். இரண்டு பேரும் சத்தமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்த அப்பா? எந்தத் தெரு? எத்தனையோ மாலை, எத்தனையோ ஊதுவத்தி, எல்லாச் சாவிலும் ஒரே பந்தல், ஒரே நாற்காலி. செருப்பு இல்லாமல் ஏன் நடந்தார், யாராவது மிதித்துத் தொலைந்துபோயிருக்குமா, அல்லது அன்றைக்கு மட்டும் திரும்பிப் போக மனசு வரவில்லையா? உள்ளங்காலில் தார் ரோட்டின் சூடு இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. இறந்தவரின் முகம் வரவில்லை. பேர் என்ன என்று இவரைக் கேட்க வேண்டும். கேட்டால் முகம் வந்துவிடும். உதட்டைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் உணர்ச்சி வரவில்லை.